நடுத்துண்டு யாருக்கு?

(திருச்சியில் நூலக வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் இந்தப் பொட்டலத்தைப் பாருங்கள். பின்வரிசையில் இருப்பவர்களுக்குச் சரியாகத் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். கசகசா, ஐம்பது கிராம். வரும் வழியில் காந்தி மார்க்கெட்டில் வாங்கினேன். கடைக்காரர் என் பெயரைக் கேட்கவில்லை, எதற்கு என்றும் கேட்கவில்லை. குருமாவுக்குத்தான் என்று அவருக்குத் தெரியும். இதே பொட்டலத்தோடு இங்கே விமானம் ஏறித் துபாயில் இறங்கினால் நான் போதைப்பொருள் கொண்டுவந்தவன்.

கசகசா என்பது அபினிச் செடியின் விதை. பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பால்தான் அபின். அதே காய் முற்றிக் காய்ந்தபின் உள்ளே உதிர்வது கசகசா. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமம் பெற்றுப் பயிரிடுகிறார்கள். விதையைத் தின்று யாரும் மயங்குவதில்லை. ஆனால் விதையின் மேல் ஒட்டியிருக்கும் துளி மார்பினை ஆய்வுக்கூடம் கண்டுபிடித்துவிடும். ஐக்கிய அரபு எமிரேட்ஸும் சவூதியும் அதைத் தடைசெய்த பொருளாக வைத்திருக்கின்றன. சிங்கப்பூருக்குக் கொண்டுபோவதென்றாலும் அங்குள்ள போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் அனுமதி வேண்டும்.

முப்பத்தோரு ஆண்டுகள் இந்த ஊரில் டிக்கெட், விசா வேலை பார்த்தவன் நான். என் கடையில் டிக்கெட் எடுத்துப் போன ஒரு பையனைத் துபாய் விமான நிலையத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அவனுடைய அம்மா கட்டிக்கொடுத்த மசாலாப் பைக்குள் இதே மாதிரி ஒரு பொட்டலம். நாற்பது நாள் ஆயிற்று அவன் வெளியே வர. அந்த நாற்பது நாளும் அந்த அம்மா என் கடைக்கு வந்தார். ஒரே கேள்விதான் கேட்பார். "எல்லாரும் கொண்டுபோறாங்களே சார். பக்கத்து வீட்டுப் பையன் மூணு தடவை கொண்டுபோயிருக்கானே."

அவர் சொன்னது உண்மை. பக்கத்து வீட்டுப் பையன் கொண்டுபோயிருந்தான். அந்த ஊரில் நம்மவர்கள் வீட்டில் கசகசா போட்ட குருமாவும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. பெட்டியில் என்ன இருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதனால்தான் "எல்லாரும்" என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றிப் பேச இன்று வந்திருக்கிறேன்.

நம் வீட்டுப் பெரியவர்கள் வெளியூர் போகிற பிள்ளைக்குச் சொல்லி அனுப்புகிற பழமொழி ஒன்று உண்டு. பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு. ஊர் எப்படியோ அப்படி இரு என்பது பொருள். உள்ளூரில் பிழைக்க அது நல்ல புத்திதான். ஆனால் கடல் கடந்து போகிறவனுக்கு அது பாதிதான் பொருந்தும். சட்டத்தில் ஒன்று எழுதியிருக்கும், தெருவில் வேறொன்று நடக்கும். உலகத்தில் எந்த ஊரிலும் இந்த இடைவெளி உண்டு. நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான். அந்த இடைவெளியில் நிற்க யாருக்கு இடம் இருக்கிறது?

என் தெருவில் ஒரு மளிகைக் கடை. மாதக் கடைசியில் காசு இல்லையென்றால் "நோட்டுல எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுச் சாமான் வாங்கி வருவேன். என் அப்பாவை அவருக்குத் தெரியும், என் வீடு தெரியும், நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன் என்று தெரியும். அதனால் எழுதுகிறார். நேற்றுக் குடிவந்தவர் அதே கடையில் நின்று அதே வார்த்தையைச் சொன்னால் எழுதுவாரா? ஒரு ஊரின் வழக்கம் என்பது இந்தப் பற்று நோட்டு மாதிரி. முகம் தெரிந்தவனுக்குத்தான் அதில் பக்கம் உண்டு. வெளிநாட்டில் நமக்கு அப்படி ஒரு பக்கம் கிடையாது. நம்மிடம் இருப்பது ரொக்கம் மட்டும். அந்த ரொக்கம்தான் எழுதப்பட்ட சட்டம்.

தாய்லாந்தைப் பாருங்கள். நம் இளைஞர்கள் இப்போது கொடைக்கானல் போவதுபோல அங்கே போய்வருகிறார்கள். பட்டாயாவிலோ புக்கெட்டிலோ பத்துக் கடை நடந்தால் அதில் இரண்டு ஸ்கூட்டர் வாடகைக் கடையாக இருக்கும். பெரும்பாலான கடைகளில் லைசென்ஸ் கேட்க மாட்டார்கள். பாஸ்போர்ட்டை ஈடாக வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவார்கள். சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் சைக்கிள் வகையும் சேர்த்துக் குறிக்கப்பட்ட பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் வேண்டும். நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே அதைத் தருகிறார்கள், ஓராண்டு செல்லும். அது இல்லாமல் ஆயிரம் பேர் ஓட்டுகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. எங்கோ ஒரு வளைவில் மணலில் சறுக்கிக் கால் முறிகிறது. அன்றைக்கு அந்தச் சட்டத்தை எடுத்துப் படிப்பவர் போலீஸ்காரர்கூட இல்லை, பயணக் காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்தர். உரிமம் இல்லாமல் ஓட்டியதால் ஏற்பட்ட காயத்துக்குப் பணம் இல்லை என்று அந்த ஆவணத்தில் எழுதியிருக்கும். வாடகைக்கு விட்டவருக்கு ஒரு நட்டமும் இல்லை, அவர் கையில் உங்கள் பாஸ்போர்ட் இருக்கிறது. மருத்துவமனை முன்பணம் கேட்கிறது. திருச்சியில் அண்ணன் நகையை அடகு வைக்க ஓடுகிறார். அந்த நேரத்தில் "அங்கே எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க" என்ற வாக்கியத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

சில இடங்களில் இன்னொரு மயக்கம் இருக்கிறது. ஜெர்மனியில் ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. டிக்கெட் எடுத்தவரும் எடுக்காதவரும் ஒரே வாசலில்தான் ஏறுகிறார்கள். அங்கே படிக்கப் போகிற பிள்ளைகளிடம் யாராவது ஒரு சீனியர் "பரிசோதகர் எப்பவாவதுதான் வருவார்" என்று சொல்லிவைத்திருப்பார். வந்தால் 60 யூரோ. திரும்பத் திரும்பப் பிடிபட்டால் குற்ற வழக்கு. இதில் பிள்ளைகள் கவனிக்காத ஒன்று உண்டு. கதவு இல்லாததால் அந்த ஊர்க்காரர்கள் டிக்கெட் எடுக்காமல் போவதில்லை. அவர்கள் எடுத்துவிட்டுத்தான் ஏறுகிறார்கள். காவல் இல்லாததைப் பார்த்து அதுதான் அந்த ஊர் வழக்கம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

சிங்கப்பூர் விஷயத்தில் நேர் எதிர். என் கடையில் சிங்கப்பூர் டிக்கெட் எடுக்கிற பாதிப் பேர் சூயிங்கம் பற்றிக் கேட்பார்கள். மென்றால் பிரம்படியாமே என்பார்கள். 1992-இல் வந்த சட்டம் தடுப்பது இறக்குமதியையும் விற்பனையையும். மெல்வது குற்றமில்லை. 2004 முதல் மருத்துவப் பயன்பாட்டு வகைகளை மருந்தகத்திலேயே வாங்கலாம். ஆனால் மின்-சிகரெட் அங்கே 2018 முதல் சட்டைப்பையில் வைத்திருந்தாலே குற்றம். அதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை. காதில் விழுந்த சட்டத்துக்குப் பயப்படுகிறோம், எழுதியிருக்கிற சட்டத்தைப் படிப்பதில்லை.

சிங்கப்பூர் என்றதும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 2013 டிசம்பர் 8. லிட்டில் இந்தியாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஞாயிறு மாலை அங்கே எப்படி இருக்கும் என்று. ஆறு நாள் கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்த்த நம் பிள்ளைகள் லாரியிலும் பேருந்திலும் வந்து இறங்குவார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவார்கள், ஊர்க்காரனைத் தேடுவார்கள். அந்தக் காலத்தில் புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து பீர் குடிப்பார்கள். பல ஆண்டுகளாக அது நடந்தது. கடைக்காரர் விற்றார், காவலர் பார்த்துக்கொண்டு போனார். அன்று இரவு ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹாம்ப்ஷயர் சாலையும் சேரும் இடத்தில், தமிழ்நாட்டிலிருந்து போன 33 வயதுத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தின் அடியில் சிக்கி இறந்தார். கூட்டம் கொதித்தது, வண்டிகள் எரிந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படி ஒரு கலவரத்தை அந்த நாடு பார்த்ததில்லை.

வண்டி எரித்ததை நான் நியாயப்படுத்த வரவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 25 பேர் மீது வழக்கு. அவர்கள் நீதிமன்றத்திலாவது நின்றார்கள். அவர்களைத் தவிர ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் நீதிமன்ற வாசலையே பார்க்காமல் எச்சரிக்கையோடு ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதற்கு வழக்கு தேவையில்லை. அந்தத் தொழிலாளியின் இருப்பு முழுவதும் ஒரு வேலை அனுமதி அட்டையில் இருக்கிறது. அட்டை ரத்தானால் விமானம்தான். ஊரில் வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் அந்த விமானத்தில் திரும்பி வராது. 2015 ஏப்ரல் 1 முதல் புதிய மதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதும் பொது இடத்தில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவிலோ சனி காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை முழுக்கத் தடை. நம் பிள்ளைகள் அங்கே போகிற நாளே ஞாயிறுதான். பல ஆண்டுகளாக யாரும் தடுக்காத ஒன்று, ஒரே இரவுக்குப் பிறகு கணக்குக் கேட்டது. அந்தக் கணக்கை யாரிடம் முதலில் கேட்டார்கள் என்பதைப் பார்த்தீர்களா?

அடுத்து, குருவி. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் திருச்சிக்கும் கோலாலம்பூருக்கும் சரக்குச் சுமந்து போய்வருகிறவர்களுக்கு நம் பக்கம் அந்தப் பெயர். அவர்களை விடுங்கள். நாம் எல்லோருமே ஒரு நாள் குருவியாக இருந்திருக்கிறோம். "மச்சான் அங்கதான் இருக்கான், இந்தப் பொட்டலத்தை மட்டும் கொடுத்துடுங்க, ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்குவான்." மறுக்க மனம் வராது. மறுத்தால் உறவு முறிந்துவிடும். இது நம் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஊறுகாயும் மருந்தும் திருமணப் பத்திரிகையும் கடல் தாண்டியது இப்படித்தான்.

ஆனால் சிங்கப்பூரின் 1973-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு பை உங்கள் வசம் இருந்து, அதற்குள் போதைப்பொருள் இருந்தால், அது உங்களிடம் இருந்ததாகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அது இன்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும் என்றும் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். நம் ஊரில் அரசுத் தரப்பு நிரூபிக்கட்டும் என்று நாம் பழகியதை அந்தப் பிரிவு தலைகீழாக்குகிறது. ஹெராயின் 15 கிராமுக்கு மேல் கடத்தினால் தண்டனை தூக்கு. ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையைவிடச் சற்றே கூடுதல்தான் 15 கிராம். மைத்துனனின் நண்பன் கொடுத்த ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது என்பதை ஒரு மனிதன் எப்படி நிரூபிப்பான்? இதை யோசித்துப் பார்த்து எனக்குத் தூக்கம் போன இரவுகள் உண்டு. அதற்குப் பிறகு என் கடையில் ஒரு பழக்கம் வைத்தேன். டிக்கெட்டைக் கையில் கொடுக்கும்போதே சொல்வேன்: நீங்கள் பார்க்கக் கட்டாத எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், கோபித்துக்கொள்கிற உறவு கோபித்துக்கொள்ளட்டும்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை சட்டம் கடுமையாகவும் தெரு தளர்வாகவும் இருக்கிற ஊர்கள். மறுபுறமும் உண்டு. தோக்கியோ ரயிலில் கைப்பேசியில் பேசினால் தண்டனை என்று சட்டம் இல்லை, ஆனால் பேசுகிறவரையும் பார்க்க முடியாது. இது சிறிய விஷயம், பார்த்துப் பழகிக்கொள்ளலாம். இலங்கையில் நடந்தது சிறியதில்லை. 2014 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து கொழும்பில் போய் இறங்கினார் ஒரு பிரிட்டிஷ் பெண்மணி. அவருடைய கையில் தாமரையில் அமர்ந்த புத்தரைப் பச்சை குத்தியிருந்தார். அவர் பக்தியோடு குத்திக்கொண்டது. விமான நிலையத்தில் கைது செய்தார்கள், காவலில் வைத்தார்கள், நாடு கடத்தினார்கள். புத்தரைப் பச்சை குத்திக்கொண்டு வரக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஊரின் மனம் புண்படும் என்பது மட்டும் தெரியும். அந்த மனமே அன்றைக்குச் சட்டமாகிவிட்டது.

அந்தப் பெண் ஊருக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. இலங்கை உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2017 நவம்பரில் தீர்ப்பு வந்தது. கைதுக்குச் சட்ட அடிப்படை இல்லை, அடிப்படை உரிமை மீறப்பட்டது, எட்டு லட்சம் ரூபாய் கொடுங்கள் என்றது நீதிமன்றம். விமான நிலையத்தில் அவருக்கு எதிராக நின்றது வழக்கம். மூன்றரை ஆண்டு கழித்து அவர் பக்கம் நின்றது எழுத்து. முகம் தெரியாத ஊரில் எழுத்து நமக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். பல நேரம் அது ஒன்றுதான் துணை.

இதை வளைகுடாவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்வேன். இங்கே பத்தாம் வகுப்பு முடிக்காதவருக்குக் கொடுக்கிற பாஸ்போர்ட்டில், குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு உண்டு. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, எமிரேட்ஸ், சவூதி, கத்தார், குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போக அரசின் அனுமதி பெற வேண்டும். ஏஜெண்டு சொல்வார்: "அதெல்லாம் லேட்டாகும் தம்பி. விசிட் விசாவுல போயிடு, அங்க போய் மாத்திக்கலாம். எல்லாரும் அப்படித்தான் போறாங்க." மறுபடி அதே சொல். எல்லாரும்.

அந்த அனுமதி வெறும் முத்திரை இல்லை. அதைப் பெறும்போது வேலை ஒப்பந்தம் பதிவாகிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு சேர்கிறது. சில நூறு ரூபாய்தான் கட்டணம். சாரத்திலிருந்து விழுந்து இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய். விசிட் விசாவில் போனவன் விழுந்தால்? அங்குள்ள கம்பெனி, அவன் எங்கள் ஆளே இல்லை என்று சொல்லலாம். இங்குள்ள ஏஜெண்டு, நான் சுற்றிப் பார்க்கத்தானே டிக்கெட் போட்டேன் என்று சொல்லலாம். அப்படி ஒரு வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். உடல் வருவதற்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஏஜெண்டு கைப்பேசி எண்ணை மாற்றிவிட்டிருந்தார்.

ஏதாவது நடந்து காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் எழுத்து இருக்கிறது. 1963-இல் வியன்னாவில் தூதரக உறவுகள் பற்றி ஓர் உடன்படிக்கை செய்தார்கள். அதன் 36-ஆவது பிரிவின்படி, கைதான வெளிநாட்டவர் கேட்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். இப்படி ஓர் உரிமை இருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும். பாகிஸ்தானில் கைதான இந்தியர் குல்பூஷண் ஜாதவுக்காக, 2019 ஜூலையில் தீர்ப்பான வழக்கில், தி ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றத்தில் இந்தியா பிடித்து நின்றதும் இந்தப் பிரிவைத்தான். ஓர் அரசாங்கமே கையில் எடுத்துக்கொண்டு போகிற ஆயுதம் இது. நம் பையனுக்கும் இது சொந்தம். ஆனால் பல ஊர்க் காவல் நிலையங்களில் தாமாகச் சொல்ல மாட்டார்கள். கேட்க வேண்டும். "இந்தியத் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்" என்ற ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் ஒரு பிள்ளையும் விமானம் ஏறக் கூடாது. என் கடையில் நாலு தடவை சொல்ல வைத்துத்தான் அனுப்புவேன்.

நேரம் ஆகிறது. ஒரு தம்பியைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். முசிறிப் பக்கம். தோஹாவில் கம்பி கட்டும் வேலை. போய் இறங்கிய அன்றைக்கே கம்பெனி ஆள் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பத்திரமாக இருக்கும் என்றார். இங்கே எல்லா கம்பெனியும் இப்படித்தான் என்று அறையில் இருந்தவர்களும் சொன்னார்கள். கத்தாரின் 2015-ஆம் ஆண்டு 21-ஆம் எண் சட்டம் இதைத் தடுக்கிறது. குடியிருப்பு அனுமதி வேலை முடிந்ததும் பாஸ்போர்ட்டைத் தொழிலாளியிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மீறினால் 25,000 ரியால் வரை அபராதம். தொழிலாளியே எழுதிக் கேட்டால் மட்டும் கம்பெனி வைத்துக்கொள்ளலாம். அந்த ஓட்டையைக் கம்பெனிக்காரர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். முதல் நாள் கையெழுத்து வாங்கிய தாள்களில் அதுவும் ஒன்று. அரபியில் இருந்தது. இவன் போட்டிருந்தான்.

ஊரில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. பாஸ்போர்ட் கேட்டான், வேலை முடியட்டும் என்றார்கள். எனக்கு இரவு பதினொரு மணிக்குப் போன் பண்ணினான். அவன் அழுததில் பாதி எனக்குப் புரியவில்லை. மறுநாள் இருவரும் போனிலேயே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். முன்பு கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், சட்டத்தின் எண் இது, பாஸ்போர்ட்டைத் தாருங்கள். ஆறு வரி. கம்பெனியில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கச் சொன்னேன். வாங்க மறுத்தார்கள். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனான். அறையில் இருந்தவர்கள் தடுத்தார்கள், இருக்கிற வேலையும் போய்விடும் என்று. அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. ஒன்பதாம் நாள் பாஸ்போர்ட் அவன் கைக்கு வந்தது. அப்பாவை உயிரோடு பார்த்தான்.

திரும்பிப் போக டிக்கெட் போட என் கடைக்கு வந்தபோது அந்தப் பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தான். அட்டையின் மேல் கம்பெனி ஒட்டிய சின்னச் சீட்டு அப்படியே இருந்தது, 47 என்று பேனாவால் எழுதி. அலமாரியில் அடுக்கி வைக்கப் போட்ட எண். நான் நகத்தால் அதைக் கிழிக்கப் போனேன். "இருக்கட்டும் அண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். "நாற்பத்தாறு பேர் பாஸ்போர்ட் இன்னும் அங்கதான் இருக்கு. இந்தத் தடவை போகும்போது அந்தக் கடுதாசிய நாற்பத்தாறு நகல் எடுத்துத் தாங்க."